நீச்சல் குளத்தின் மேல் மண்மேடுகள்

என் அப்பாவின் மேல் இப்போது ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. மலேசியாவில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கி ஒரு நிறுவனம் கட்டிய உல்லாச விடுதியின் குளம் அது. நீல ஓடு பதித்தது. சிறுபிள்ளைகளுக்காக ஒரு பக்கம் ஆழத்தைக் குறைத்திருக்கிறார்கள். அந்த ஆழம் குறைந்த பக்கத்தில்தான் அப்பா இருக்கிறார். இருந்தார் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. மண்வாரி இயந்திரம் அவரை அள்ளி எங்கே கொட்டியது என்று யாருக்குத் தெரியும்?

இதைச் செய்தது முகம் தெரியாத யாரோ என்றால் என் கோபம் ஒருவேளை தணிந்திருக்கும். செய்தவர் என் பெரியப்பா மகன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இப்போதும் வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். மழைநாளில் தோட்டத்து டிராக்டர் மேட்டிலிருந்து புரண்டு அவர் அடியில் சிக்கிக்கொண்டார். பாடையைத் தூக்கிய நாலு பேரில் அண்ணனும் ஒருவர். மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. புதைத்துவிட்டு வந்து, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்து, "அழாத. அண்ணன் இருக்கேன்லா" என்றார். பொய்யில்லை, இருந்தார். எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்தவர் அவர். இடைநிலைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அதனால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்நியன் அடித்தால் வலிக்கும், அவ்வளவுதான்.

தோட்டத்தின் கோடியில், ஓடை வளையும் இடத்தில் எங்கள் சுடுகாடு இருந்தது. சுடுகாடு என்று பெயர், ஆனால் எரிப்பது இல்லை. எல்லாரையும் புதைப்பதுதான் வழக்கம். பெயர் எழுதிய பலகை எதற்கும் கிடையாது. வெறும் மண்மேடு, சுற்றி நாலு கல், தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தோட்டத்தில் வேலை குறைந்தபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னும் அண்ணன் வேன் எடுத்துக்கொண்டு வருவார். எல்லாரும் போய், பாராங் கத்தியால் புல்லை வெட்டி, மேட்டைச் சரிசெய்து, செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டு வருவோம். அப்பாவுக்குப் பால் கலக்காத கோப்பி-ஓவும் மசால் வடையும்.

பிறகு தோட்டம் கைமாறியது. வாங்கிய நிறுவனத்தின் ஆட்களும் நில அலுவலக அதிகாரிகளும் ஒருநாள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அம்மாவும் இன்னும் சிலரும் பஸ் பிடித்துப் போனார்கள். எனக்கு வேலை, போகவில்லை. அண்ணன் அப்போது தோட்டத்துக் கோயிலின் தலைவர். மலாய் சரளமாகப் பேசுவார். அதனால் அவர்தான் அதிகாரிகளோடு நடந்தார். கயிறு கட்டி மற்றவர்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஓடைப் பக்கம் வந்ததும் ஓர் அதிகாரி நின்று, இங்கே ஆட்களைப் புதைத்திருப்பதாகச் சொல்கிறார்களே என்று கேட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த அம்மா கைகால் கழுவாமல், விளக்கு ஏற்றாமல், செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கம்பிங்னு சொன்னான்டி. லெம்புன்னு சொன்னான். எனக்கு மலாய் புரியாதுன்னு நெனச்சானா?"

"யாரு?"

"உங்கண்ணன். மனுஷங்கள இங்க பொதைக்கல துவான், தோட்டத்து ஆடு மாடு செத்தா பொதைக்கிற எடம்னு சொன்னான். உங்கப்பாவ. அவன் தோள்ல தூக்கிட்டுப் போன மனுஷன. ஆடு, மாடு."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார். அண்ணன் திரும்பிப் பார்த்து, அவன் காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அதிகாரிகளிடம் சிரித்தாராம்.

அவ்வளவுதான். வேலி வந்தது, இயந்திரங்கள் வந்தன. நாங்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம், அங்கே புதைத்ததற்கு என்ன ஆதாரம் என்று ஒரே கேள்வி. மண்மேட்டுக்கும் குரோட்டன் செடிக்கும் யார் ஆதாரம் வைத்திருக்கிறார்கள்? கோயிலுக்குச் சாலையோரம் சின்னதாய் ஒரு மனை கொடுத்தார்கள். அதைப் பெற்றுத் தந்ததற்காக அண்ணனுக்கு மாலை போட்டார்கள். விடுதி கட்டி முடிந்ததும் அதில் அவருக்கு மேலாளர் வேலை. நான் ஒரே ஒருமுறை போன் செய்து நேரடியாகக் கேட்டேன்.

"தங்கச்சி, நான் சொல்லலன்னா ஒட்டுமொத்த திட்டமே நின்னுபோயிருக்கும். செத்தவங்களுக்கு எடம் எதுக்கு? உசுரோட இருக்கிறவங்க எத்தன பேருக்கு வேலை கெடச்சிருக்கு, யோசிச்சுப் பாருலா."

யோசித்தேன். அதைத்தான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஈப்போவில் ஒரு மரச்சாமான் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். முன்பெல்லாம் வாடிக்கையாளர் கடைக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து பார்த்து, அளவெடுத்துப் போய், மறுபடி வந்து, பேரம் பேசி வாங்குவார். இப்போது அப்படி இல்லை. ஏ.ஆர். என்று ஒன்று வந்துவிட்டது. கைப்பேசியின் கேமராவை உங்கள் வரவேற்பறைப் பக்கம் திருப்பினால், திரையில் உங்கள் அறை தெரியும், அதற்குள் இன்னும் வாங்காத எங்கள் சோபாவும் நிற்கும். சுற்றி நடந்து பார்க்கலாம். நிழல்கூட விழும். வயதானவர்களின் வீடுகளுக்குத் தட்டுக் கணினியை எடுத்துக்கொண்டு நானே போய்க் காட்டுவேன். பத்து காஜா என்ற ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதற்கான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத சோபாவில் சாய்ந்து உட்காரப் போய்த் தரையில் விழுந்துவிட்டார். அடி பலமில்லை. தூக்கி நிறுத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கலர் நல்லா இருக்கும்மா" என்பதுதான்.

அன்று சிரித்தேன். பிறகு அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். தரை இடுப்பில் அடித்துச் சொல்லியும் அந்த மனிதர் கண்ணாடியைத்தான் நம்பினார்.

இது எங்கள் கடையோடு நிற்கவில்லை. ஈப்போ பழைய பட்டணத்தில் சுவருக்கு நேரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாத எதையோ பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தை இப்போது தினமும் பார்க்கலாம். பிள்ளைகள் பள்ளியில் இதயத்தை மேசைமேல் துடிக்க வைத்துப் படிக்கிறார்கள். சேலைக் கடையில் சேலையை உடுத்தாமலே உடுத்திப் பார்க்கிறார்கள். மண் ஒன்றாக இருக்கிறது, அதன்மேல் தெரிவது வேறொன்றாக இருக்கிறது. மண் யாருடையது என்பதற்கு அலுவலகம் உண்டு. மேலே தெரிவது யாருடையது என்பதற்கு அப்படி எதுவும் இல்லை.

அண்ணன் மகளின் கல்யாண விருந்து அந்த விடுதியில் நடந்தது. அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தப் பெண் தானே வீடுவரை வந்து, அம்மா காலைத் தொட்டு, "பாட்டி, நீங்க வரலன்னா நான் மாலை மாத்திக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கு எதுவும் தெரியாது. போனோம்.

விருந்து குளத்தை ஒட்டிய புல்தரையில். வாசலிலேயே ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள். 'பழைய தோட்ட வாழ்க்கையைக் கண்முன் காணுங்கள்' என்று பலகை. மாட்டிக்கொண்டேன். செம்பனை மறைந்து ரப்பர் மரங்கள் வரிசையாக எழுந்தன. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் வந்தன, வாசலில் பூந்தொட்டிகளோடு. எங்கள் லைனில் எவர் வீட்டிலும் நான் பூந்தொட்டி பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்ட, ரப்பர் பால்மரம் சீவும் ஒரு தொழிலாளி என்னை நோக்கி நடந்து வந்து, கைகூப்பி, வானொலிச் செய்தி வாசிப்பதுபோல "வணக்கம், எங்கள் தோட்டத்திற்கு நல்வரவு" என்றான். அவன் கால்களில் சேறு இல்லை. கொசுக்கடித் தழும்பு இல்லை.

பிறகு குளத்தின் பக்கம் திரும்பினேன்.

தண்ணீருக்கு மேல் பச்சைப் புல்வெளி தெரிந்தது. அதில் ஆடுகள் மேய்ந்தன. கழுத்து மணியோடு இரண்டு மாடுகள். ஒரு குட்டி துள்ளி ஓடியது. 'தோட்டத்து மேய்ச்சல் நிலம்' என்று எழுத்து மிதந்தது. விருந்துக்கு வந்த பிள்ளைகள் காற்றில் கையை நீட்டி ஆடுகளைத் தடவிச் சிரித்தார்கள்.

அதிகாரியிடம் சொன்ன பொய் நிறுவனத்துக்குள் போய், வரைபடத்தில் ஏறி, படம் வரைகிறவர்களிடம் சேர்ந்து, இப்படி மேய்ந்துகொண்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டதை அழகாக வரைந்திருக்கிறார்கள்.

அம்மாவும் கண்ணாடி மாட்டியிருந்தார். நான் தடுப்பதற்குள் குளத்தைப் பார்த்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தார்.

"போலாம்."

"சாப்பிடல..."

"போலாம்னு சொல்றேன்லா."

வண்டி தாப்பாவைத் தாண்டியது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ உன் கடையில சோபா வைக்கிறியே, ஆளுங்க வீட்டுல. இல்லாத சோபாவ."

"ஆமா."

"அந்த மாதிரி உங்கப்பாவ வைக்க முடியுமா?"

நான் வண்டியை ஓரங்கட்டினேன். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததுபோல் இருந்தது.

எங்கள் கடையின் சோபாக்களையும் அலமாரிகளையும் கணினியில் உருவாக்குபவர் ஒரு சீனர், என் வயதுக்காரர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கல்லறைமேல் குளமா? எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தால் ஒருவர் கால் வைக்க மாட்டார்கள், அக்கா. தெரியும்தானே? ஒவ்வொரு வருடமும் செங் பெங் கல்லறைத் திருநாளுக்கு நான் என் அம்மாவின் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டுகிறேன்."

"அவர்கள் கால் வைக்கக்கூடாது. அதுதான் எனக்கு வேண்டும்."

அவர் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "செடி என்ன நிறம்?" என்று கேட்டார்.

அம்மாவைக் கேட்டுக் கேட்டு அவர் செய்தார். முதலில் செய்த மேடு கேக் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது மண்ணா, மைலோ மாவா?" என்றார். மறுபடி செய்தார். மழை அரித்த பள்ளம், சாய்ந்த கல், சிவப்பும் மஞ்சளும் கலந்த குரோட்டன் இலை. கடைசியாகக் காட்டியபோது அம்மா திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். சரியாக வந்துவிட்டது என்று புரிந்துகொண்டோம்.

அந்த விடுதி தன் காட்சிகளை ஒரு பொதுச் செயலியில்தான் வைத்திருந்தது. அதில் யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தில் படமோ குரலோ ஒட்டிவைக்கலாம். பின்னால் வருகிறவர்கள் கைப்பேசியையோ கண்ணாடியையோ அங்கே திருப்பினால் தெரியும். விருந்தினர்கள் குளத்தைச் சுற்றி இதயங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் ஒட்டியிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. நாங்கள் நுழைய வேண்டியதுதான் பாக்கி.

புந்தோங்கில் இருக்கும் பழைய தோட்டத்துக் குடும்பங்களைத் தேடிப் போய், அங்கே புதைந்தவர்களைப் பற்றி அவர்கள் குரலிலேயே பதிவுசெய்தேன். ஒரு பெண் காய்ச்சலில் போன பிள்ளையைப் பற்றிப் பேசினார். பாதியில் குரல் உடைந்தது, அழிக்க வேண்டாம், அப்படியே போடு என்றார். பிரசவத்தில் மனைவியை இழந்தவர் கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, அவள் நன்றாகப் பாடுவாள் என்று மட்டும் சொன்னார். ஒரு பெரியவர் என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "செத்தவங்கள வெச்சு வெளையாட்டு காட்டுறியா? போ!" என்றார். அவருடைய அண்ணன் புதைந்த இடத்தில் நான் எதுவும் வைக்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது நியாயம் தேவைப்படவில்லை.

ஒரு வேலைநாளில் அம்மாவும் நானும் அந்த விடுதியில் விருந்தினர்களாக அறை எடுத்தோம். அண்ணன் கோலாலம்பூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த நாள் அது. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஓடை வளைவிலிருந்து நடந்தார். நின்று குடையின் முனையால் காட்டுவார். நான் அங்கே ஒரு மேட்டை வைப்பேன். துண்டு கொண்டுவந்த நேப்பாளப் பையன், நாங்கள் படம் எடுப்பதாக நினைத்து எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தந்தான். அதில் அம்மா சிரித்திருக்கிறார். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்த படம் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

எல்லாவற்றையும் எங்களுக்கு மட்டும் தெரியும்படி மறைத்து வைத்தேன். பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, புதிய குடில்களின் திறப்பு விழா. அதற்காகக் காத்திருந்தேன்.

குளம் நிறையப் பிள்ளைகள். கூடாரத்தில் பிரமுகர்கள். அண்ணன் பூ அச்சிட்ட பத்தேக் சட்டையில், கையில் ஒலிவாங்கியோடு, மலாயில் பேசிக்கொண்டிருந்தார். இந்த மண்ணில் பிறந்தவன் நான், என் முன்னோர்களின் வியர்வையை உங்கள் கண்முன் காட்டப்போகிறோம், அனைவரும் கண்ணாடியை அணியுங்கள் என்றார். நானும் அம்மாவும் குளத்தின் மறுகோடியில் நின்றோம். என் விரல் திரைமேல் இருந்தது.

அழுத்தினேன்.

தண்ணீர்மேல் மண்மேடுகள் எழுந்தன. குளத்தில், நடைபாதையில், சாய்வு நாற்காலிகளின் நடுவில், உணவு மேசைகளுக்கடியில். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு செடி, ஒரு சின்ன விளக்கு. விடுதியின் ஆடு மாடுகளை அகற்ற எங்களால் முடியாது. அவை மேடுகளுக்கிடையில் மேய்ந்துகொண்டே இருந்தன. முதலில் கூட்டம் கைதட்டியது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். அருகில் போனவர்களுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. தமிழில், பிறகு என் குரலில் மலாயில், பிறகு என் சக ஊழியர் குரலில் அவருடைய சீன மொழியான கேன்டனீஸில்.

கேன்டனீஸ்தான் வேலை செய்தது. குளத்தோரம் நின்றிருந்த ஒரு சீனப் பெண் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உடையோடு தண்ணீரில் இறங்கித் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள். என்ன என்று கேட்டவர்களிடம், கல்லறை என்று ஒரே வார்த்தை சொன்னாள். அடுத்த சில நிமிடங்களில் குளம் காலி. பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு அழுதார்கள். ஒரு முதியவர் பணியாளிடம், நான் எங்கே படுத்துத் தூங்கினேன், சொல், எங்கே படுத்துத் தூங்கினேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணன் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே என்ன கலவரம் என்று பார்க்க வந்தார். கண்ணாடி மாட்டியிருந்தார். ஆழம் குறைந்த பக்கம் வந்து நின்றார். அங்கே அம்மாவின் குரல் இருந்தது.

"இங்க படுத்திருக்கிறது என் வீட்டுக்காரரு. மழையில டிராக்டர் பொரண்டு செத்தாரு. நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. அதுல ஒருத்தன் பெரிய மனுஷனாகி, இதே எடத்துல நின்னு, இது ஆடு மாடு பொதைச்ச எடம்னு சொன்னான். நீங்களே பாருங்க. இது ஆடு இல்ல. மாடு இல்ல. மனுஷன்."

அவர் அதை முழுக்கக் கேட்டார். ஒலிவாங்கி அணைக்கப்படாமல் இருந்ததால் அவருடைய மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தவர் எங்களைக் கண்டார்.

"தங்கச்சி, நீயா?"

"நான்தான்."

"இது யாருடைய எடம் தெரியுமா? போலீஸ கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கண்ணே. வந்து தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க."

அவர் ஒலிவாங்கியை அணைத்தார். நாங்கள் நடந்தே வெளியே வந்தோம். யாரும் தடுக்கவில்லை. எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பழிவாங்கினால் நிம்மதி கிடைக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று நான் அம்மாவோடு பீடோரில் வாத்துக்கறி போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட்டேன். பசியோடு சாப்பிட்டேன்.

அன்று மாலைக்குள் விடுதி எல்லாவற்றையும் நீக்க வைத்துவிட்டது. ஆனால் விருந்தினர்கள் பதிவுசெய்த காணொளிகள் கோலாலம்பூரையும் தாண்டிப் போய்விட்டன. நீக்க நீக்க, புந்தோங் குடும்பங்களின் பிள்ளைகள் மறுபடி வைத்தார்கள். அறைகளை ரத்து செய்தவர்கள் காரணத்தை வெளிப்படையாக எழுதினார்கள். கடைசியில் குளத்தை வடித்துவிட்டு, பராமரிப்பு நடக்கிறது என்று பலகை வைத்தார்கள். இந்த ஆள் சொன்னதை நம்பி ஏமாந்தோம் என்று நிறுவனம் சொல்லி, அண்ணனை வேலையிலிருந்து நீக்கியது.

எல்லாம் எங்கள் விருப்பப்படி நடக்கவில்லை. கதவு எங்களுக்குத் திறந்திருந்ததுபோல் மற்றவர்களுக்கும் திறந்துதான் இருந்தது. பேய் பார்க்கப் பிரியப்படும் யாரோ அந்த மேடுகளுக்கு நடுவில் தலைவிரி கோலமாய் அலறும் ஒரு பெண் உருவத்தை வைத்தார்கள். பிரசவத்தில் இறந்தவளின் மேட்டருகில். அவளுடைய கணவர் அதைப் பார்த்துவிட்டு, எனக்குப் போன் செய்து, பார்த்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். புகார் செய்தோம், எடுத்தார்கள், மறுபடி வந்தது. இன்றுவரை அந்தச் சண்டை முடியவில்லை. அதை வைத்தவன் யாரென்று தெரிந்தால் அவனையும் நான் விடமாட்டேன்.

வேலை போன சில வாரங்களில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. அம்மா உள்ளிருந்து நாற்காலியை இழுத்துக் கதவுக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"சித்தி, நிறுத்தச் சொல்லுங்க. மூஞ்சிய வெளிய காட்ட முடியல. கடையில சாமான் வாங்கப் போனாகூட ஆடு மாடுன்னு கூப்பிடுறாங்க."

"எதை நிறுத்தணும்?"

"அந்தக் கல்லறைங்கள."

"கல்லறையா? எங்க இருக்கு கல்லறை?" அம்மா குரல் உயரவே இல்லை. "அங்க ஆடு மாடுதானேடா பொதைச்சிருக்கு. ஆடு மாட்டுக்கெல்லாமா ஊரு பயப்படுது?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு என்று சொல்லமாட்டேன். உண்மையாகவே அழுதார். "சித்தப்பாவ நான்தான் தூக்குனேன் சித்தி. மறப்பேனா?" என்றார்.

"மறக்கலைல்ல? அப்ப தெரிஞ்சேதான் சொன்ன."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் போனேன். தெருவில் அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரமானது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே அவர் மகள் கூப்பிட்டாள்.

"அத்தை, ஒன்னு கேக்கணும். பொய் சொல்லாம சொல்லுங்க. என் விருந்து சுடுகாட்டுலயா நடந்துச்சு?"

இல்லம்மா, அது கொஞ்சம் தள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"ஆமாம்மா."

"மேடை?"

"அதுவும்."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்து, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டீங்க" என்றாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கலாம் அத்தை."

அவள் போனை வைத்தாள். கல்யாண ஆல்பத்தை எரித்துவிட்டாள் என்றும், அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்றும் பின்னால் அறிந்தேன். கர்ப்பமாக இருக்கிறாளாம், பிள்ளையை அவர் கையில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். எனக்கும் அவள் மறுபடி கூப்பிடவில்லை. வேலையை இழக்க வைத்தேன், ஊர்முன் தலைகுனிய வைத்தேன். அதெல்லாம் நான் திட்டமிட்டது. மகளை அவரிடமிருந்து பிரித்தது நான் திட்டமிடாதது. ஆனால் அவரை அதிகம் காயப்படுத்தியது அதுதான். அவளுக்காக வருந்துகிறேன். அவருக்காக வருந்தவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க முடிகிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

போன மாதம் பீடோரில் சாலையோரம் கொய்யா வாங்க நிறுத்தினேன். பக்கத்தில் காய்கறி ஏற்றிய ஒரு சின்ன லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அண்ணன். முடி நரைத்து, சட்டையில் மண் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் இறங்குவதா வேண்டாமா என்று கதவைப் பாதி திறந்தபடி இருந்தார். பிறகு இறங்கி வந்தார்.

"சித்தி எப்படி இருக்காங்க?"

நான் கொய்யாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காய்ப்பதமாக இருந்தால்தான் பிடிக்கும்.

"புள்ள பொறந்திருச்சாம்" என்றார். "ஆம்பளப் புள்ள. படம்தான் பாத்தேன், யாரோ காட்டுனாங்க. நீ சொன்னா கேப்பா, தங்கச்சி. ஒரு தடவ சொல்லேன்."

கடைக்காரப் பெண் பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். கண்ணாடியை இறக்கச் சொல்லி அவர் கைகாட்டினார். இறக்கவில்லை. சாலையில் வண்டிகள் வழிவிட்டதும் ஈப்போ பக்கம் திருப்பினேன். காலம் போனால் மனசு இளகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இளகட்டும், எனக்கு அவசரமில்லை.